அடுத்து எதைப் பாடம் கேட்பது?

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தை வாசிக்கிறோம். நான் தாம்பரத்தில் இருக்கிறேன், அப்பா மயிலாடுதுறையில். முப்பத்து நான்கு வருஷம் தமிழாசிரியராக இருந்தவருக்குக் க்ளாக்கோமாவில் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது எழுத்து பிடிபடுவதில்லை. இரவு எட்டரைக்கு நான் போன் போடுவேன். அவர் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இருபது, இருபத்தைந்து நிமிடம் வாசிப்பேன். வெளியூர்ப் பயணம், உடம்பு சரியில்லாத நாள், யார் வீட்டிலாவது விசேஷம் என்று விட்டுப்போகும் நாட்களையும் சேர்த்தால் வாரத்துக்கு நான்கு இரவுகள் தேறும்.

அது போக எனக்கென்று லோக்கல் ட்ரெயின் நேரம் இருக்கிறது. தாம்பரத்தில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்க முக்கால் மணி நேரம். காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும், மாலையில் பாதி நாள் நின்றுகொண்டுதான். ஆக, வாசிப்புக்கு என்னிடம் இரண்டு இடங்கள். ஒன்றில் வாய் வேலை செய்கிறது, இன்னொன்றில் கண் மட்டும். இந்த வித்தியாசத்தை நான் சென்ற வருஷம்தான் உணர்ந்தேன். ஒரு புத்தகம் நல்லதா கெட்டதா என்பது வேறு. அது எந்த இடத்துக்கு ஆகும் என்பது வேறு.

போன ஆடியில் தொடங்கிப் பங்குனிக் கடைசியில் முடித்தது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அப்பா அதை மாணவப் பருவத்திலேயே படித்தவர். நான் பாடப்புத்தகத்தில் வந்த துண்டுகளைத் தவிர ஒன்றும் படித்ததில்லை. 122 அத்தியாயங்கள். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு இரவுக்கென்று அளந்து வைத்தது போல இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று ஒரு நாளும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. வாய்விட்டு வாசிக்கக் கூச்சமில்லாத உரைநடை. எண்பத்தைந்து வயதில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலவே போகிறது.

1880 அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீபாக (கீழ் நீதிமன்ற நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கும் இடம் வந்த இரவு, அப்பா என்னை முந்திக்கொண்டார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்கிறார். இளைஞரான ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. அதற்கெல்லாம் முந்தியவற்றைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பும், அதன் பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் வருகின்றன. அப்பா அந்த உரையாடலை வரிக்கு வரி மனப்பாடமாகச் சொன்னார். நான் கண்ணை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மணிமேகலை அச்சான ஆண்டுகளை ஒட்டிக் கதை நின்றுவிடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே 1942 ஏப்ரலில் ஐயர் காலமானார். பின்னால் நாற்பது வருஷத்து வாழ்க்கை சொல்லப்படாமலே இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் அப்பா, "அவ்வளவுதாம்மா. அதுக்கு மேல அவர் எழுதல" என்றார். மறுநாள் இரவு எட்டரைக்குப் பழக்கதோஷத்தில் போன் போட்டேன். இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மழை பெய்ததா, காவிரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பேசிவிட்டு வைத்துவிட்டோம்.

இப்போது கையில் இருப்பது பாமாவின் 'கருக்கு'. இது ட்ரெயினுக்கென்று எடுத்தது. 1992இல் வந்த சின்னப் புத்தகம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்டது. இரண்டு பக்கமும் ரம்பம் போல அறுக்கும் பனை மட்டையின் விளிம்புதான் கருக்கு. இன்னும் கால்வாசி மிச்சம் இருக்கிறது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழு வருஷத்துக்குப் பின் அதை விட்டு வெளியே வந்த நாட்களை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். வேகமாகப் படிக்க முடிகிற நடைதான். ஆனால் சில பக்கங்களுக்குப் பிறகு புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. மாம்பலமும் கோடம்பாக்கமும் போனதே தெரியாமல் போயிருக்கிறது.

அதில் சிறுமி ஒருத்தி பள்ளி விட்டு வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு காட்சியைப் பார்ப்பாள். அவர்கள் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பொட்டலம் கையில் படாமல், நாயக்கரிடம் கொடுப்பார். சிறுமிக்குச் சிரிப்பாக வரும். ஏன் அப்படித் தூக்கினார் என்று அவள் அண்ணன் பிறகு விளக்குவான். அதை ஒரு இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'என் சரித்திரம்' முடிந்து வேறு ஒன்றும் தொடங்காத நாட்கள் அவை, அதனால்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வடைப் பொட்டலத்தை இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன்.

"நான் மொதல்ல வேலை பாத்த பள்ளிக்கூடத்துல ரெண்டு தண்ணிப் பானை இருந்துச்சு. எதுக்கு ரெண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். நானும் ஒரு நாளும் வாயத் தொறந்து கேட்டதில்ல" என்றார்.

எனக்கு இத்தனை வயதில் இதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. அந்த இரவுக்குப் பிறகு 'என் சரித்திர'த்தில் நான் சாதாரணமாக வாசித்துக் கடந்துபோன ஒன்று திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஐயர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு எந்நேரமும் இருக்கிறார், பட்டீச்சுரமோ திருவாவடுதுறையோ அவர் போகிற ஊருக்கெல்லாம் கூடவே போகிறார், சாப்பாட்டுக்கு மட்டும் அக்கிரகாரத்துக்கோ சத்திரத்துக்கோ தனியாகப் போக வேண்டும். ஆசிரியர் வேறு சாதி. புத்தகம் அதை ஒளிக்கவில்லை, ஊர் வழக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. நான்தான் நிற்காமல் போயிருந்தேன்.

அடுத்தது எது என்ற கேள்வி இப்படித்தான் கனமாகிவிட்டது. இரண்டு இடத்துக்கும் புதிதாக ஒன்று வேண்டும். என் முன்னால் மூன்று புத்தகங்கள்: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்', உ.வே.சா.வே தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய 'மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்'. மூன்றிலும் ஒருவர் தாம் கண்டதைத் தாமே எழுதியிருக்கிறார். நாவல் ஏதாவது எடுக்கலாமே என்று தோழி சொன்னாள். இப்போதைக்கு மனம் அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு ரொம்ப நாளாக ஆசை இருப்பது நாட்குறிப்பின் மேல்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் (வணிகக் கம்பெனியின்) துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளே கவர்னராக இருந்த 1742 முதல் 1754 வரையிலான காலத்தில் அவர் பக்கத்திலேயே இருந்தார், 1747 முதல் தலைமைத் துபாசியாகவும் ஆனார். 1736 செப்டம்பரில், நள வருஷம் ஆவணி மாதத்தில், எழுதத் தொடங்குகிறார். காதால் கேட்டது, கண்ணால் கண்டது, வந்துபோகிற கப்பல்கள், நடக்கிற அதிசயங்கள் எல்லாவற்றையும் எழுதப்போவதாகச் சொல்லித்தான் ஆரம்பம். அதிலிருந்து கிட்டத்தட்ட சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். 1761 ஜனவரி 12இல் இறந்தார். நான்கே நாளில், 16ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது.

என்னை இழுப்பது இதுதான்: அவருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று தெரியாது. உ.வே.சா. எண்பது தாண்டி உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்க்கிறார். எந்தச் சந்திப்பு தம் வாழ்க்கையைத் திருப்பியது என்று அவருக்குத் தெரியும், அதற்குத் தக்கபடி நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். பாமாவும் முப்பது தாண்டியபின் குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்த்துத்தான் எழுதுகிறார். ரங்கப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த சேதியும், துணி வியாபாரக் கணக்கும், வீட்டுக் கல்யாணமும், கவர்னர் மனைவியின் மேலுள்ள மனக்கசப்பும் வந்த வரிசையிலேயே இறங்கியிருக்கின்றன. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். அதை அவர் வேதனையோடு அன்றன்றே எழுதிவைத்திருக்கிறார். தடுக்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு, இடிக்கிற அரசாங்கத்தின் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு ஒருவர் எழுதிய பக்கங்கள் அவை. இருபது வருஷம் கழித்து அவரே நினைவுக் குறிப்பாக எழுதியிருந்தால் அந்தப் பக்கங்களில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் கைப்பிரதிகள் 1846இல்தான் கண்டெடுக்கப்பட்டன. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் படித்துத்தான் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலைமை ரொம்ப காலம் இருந்தது. இப்போது தமிழிலும் 12 தொகுதிகளாக அகநி வெளியீட்டில் கிடைக்கிறது.

நாட்குறிப்பை ட்ரெயினுக்கு எடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாள் நாளாக இருக்கிறது, எந்த ஸ்டேஷனிலும் நிறுத்தலாம். நண்பர் ஒருவரிடம் ஒரு தொகுதியை வாங்கிப் பரிசோதித்துப் பார்த்ததில் கணக்கு தப்பியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழும் கணக்குத் தமிழும் கலந்த நடை. ஒரு வாக்கியம் முடிகிற மாதிரி இருக்கும், முடியாது. கும்பினி, துபாசி, வராகன், முசே என்று வரும் சொற்களில் சிலது உடனே புரியும், சிலதுக்குப் பின்பக்கம் புரட்ட வேண்டும். யார் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாவிட்டால் பாதி போய்விடும். முக்கால் மணி நேரத்தில் ஐந்து பக்கம்கூடப் போகவில்லை. நின்றுகொண்டு படித்த மாலையில் இரண்டு பக்கம். மெதுவாகப் போவதில் எனக்கு வருத்தமில்லை. இதற்கு ஒரு மேஜையும் நோட்டுப் புத்தகமும் பக்கத்தில் வேண்டும் என்பதுதான் தெரிந்தது.

வாய்விட்டு வாசிப்பதற்கும் ஆகவில்லை. அப்பாவுக்கு ஒரு இரவு வாசித்தேன். மூச்சு எங்கே விடுவது என்று எனக்கே தெரியாதபோது கேட்கிறவருக்கு என்ன புரியும்? "கொஞ்சம் இரு, துரைங்கிறது யாரு, இவரா அவரா?" என்று மூன்று தடவை கேட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்பதை விட்டுவிட்டார் என்றால் கவனத்தையும் விட்டுவிட்டார் என்று அர்த்தம். எட்டு மாதம் வாசித்துக் காட்டியதில் இதைக் கற்றிருக்கிறேன்.

இந்தத் தயக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. இந்த நாட்குறிப்பை ஆதாரமாக வைத்துப் பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் நல்ல வழி. இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. முதலில் நாவல், பிறகு நாட்குறிப்பு என்று போனால் ஆட்கள் ஏற்கெனவே அறிமுகமாகியிருப்பார்கள். எனக்கு மட்டும் நாட்குறிப்புக்குள் நேரே போக வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

திரு.வி.க.வுக்கு வருகிறேன். 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944இல் வந்தது. அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. போனிலேயே படிக்கலாம், கூட்ட நெரிசலில் தடித்த புத்தகத்தை விரிக்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயம்தான், ஆனால் நின்றுகொண்டு போகிறவளுக்கு ஒரு கை மிச்சம்.

சென்னையை ஒட்டிய துள்ளத்தில் 1883இல் பிறந்து, இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தவர். அங்கே அவருக்குத் தமிழ் ஆசிரியர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை. அந்த ஆசிரியர் தொடர்பான வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போனதால் 1904இல் பள்ளி இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனது, அதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 'என் சரித்திரம்' படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த இடம் நெஞ்சில் நிற்கும். அங்கே ஆசிரியருக்காக ஊர் ஊராகப் போன பிள்ளை, இங்கே ஆசிரியருக்காகப் பரீட்சையை விட்ட பிள்ளை.

அதற்கு மேல் இந்தப் புத்தகத்தின் திசை வேறு. மடமும் ஏடும் அல்ல, அச்சகமும் பத்திரிகையும் மில் வாசலும். 1917இல் 'தேசபக்தன்' ஆசிரியர், 1920 முதல் 'நவசக்தி'. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சுலு நாயுடுவும் எடுத்த முயற்சியில் பிறந்த அந்தச் சங்கத்தை இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்வார்கள். அதே 1918இல் மனைவி கமலாம்பிகை இறந்துபோனார். பிறந்த இரண்டு குழந்தைகளும் அதற்கு முன்பே போய்விட்டன. அதன் பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மனிதருக்கு வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டே போன அதே வருஷங்களில்தான் வீடு காலியானது.

'கருக்கு' படித்துக்கொண்டிருக்கும் எனக்கு இப்போது வேண்டியது இந்தத் திசைதான் என்று தோன்றுகிறது. துபாசி வீட்டு மாடியில் நின்று பார்ப்பதை விடவும், வித்துவான்களின் சபையில் உட்காருவதை விடவும், வேலை முடிந்து வெளியே வருகிறவர்களோடு மில் கேட்டில் நிற்க வேண்டும் போலிருக்கிறது. திரு.வி.க. கூலிக்காரர் இல்லை, படித்த நடுத்தர வர்க்கத்து மனிதர். ஆனால் தமக்குக் கிடைத்த தமிழை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் பேசினால்தான் அரசியல் என்றிருந்த மேடையில், தொழிலாளர்களுக்கு விளங்கும்படி தமிழில் பேசியவர்.

அவர் நடையை இரண்டு விதமாகச் சொல்லலாம். சின்னச் சின்ன வாக்கியங்கள், கேள்வி மேல் கேள்வி, தாளம் போட்டது போல ஓடும். கண்ணால் படிக்கச் சுகம். ஆனால் 'யான்' என்று எழுதுகிறவர். அந்த 'யான்' எனக்குக் கொஞ்சம் தூரமாக இருக்கிறது. பாமாவின் 'நான்' காதருகே இருக்கிறது, உ.வே.சா.வின் 'நான்' திண்ணையில் இருக்கிறது, திரு.வி.க.வின் 'யான்' மேடையில் இருக்கிறது. பத்துப் பக்கம் போனால் பழகிவிடும் என்று அப்பா சொன்னார். எனக்கு இருபது ஆனது. இவரையும் ஒரு இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூச்சுக்கு மூச்சு வாக்கியம் முடிவதால் எனக்குச் சிரமமே இல்லை. அப்பா நன்றாகத்தான் கேட்டார். பேச்சைக் கேட்பது போல, அவர் பங்கு எதுவும் இல்லாமல் கேட்டார்.

மூன்றாவது புத்தகத்தை நான் பட்டியலில் சேர்த்ததே அப்பாவுக்காகத்தான். மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாயூரத்தில் வாழ்ந்தவர், உ.வே.சா. 1871இல் அவரிடம் வந்து சேர்ந்ததும் எங்கள் ஊரில்தான். அப்போது மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு நண்பர். அந்த நட்பில் வேதநாயகம் பிள்ளை மேல் இவர் பாடியதுதான் குளத்துக்கோவை. சரித்திரம் 1933, 1934இல் இரண்டு பாகமாக வந்தது. ஐயர் தம் கதையை எழுதுவதற்கு முன்னாலேயே ஆசிரியர் கதையை எழுதி முடித்துவிட்டார் என்பதை நான் இப்போதுதான் கவனித்தேன்.

எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் ஆர்வம் குறைவாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். முதல் காரணம், 'என் சரித்திர'த்தில் ஆசிரியரைப் பற்றிய நல்ல பகுதிகள் எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டன. வேங்கடராமன் என்ற பெயர் சாமிநாதன் ஆனதும், நைடதச் செய்யுளைச் சொல்லிக்காட்டிய முதல் நாளும், 1876 பிப்ரவரியில் திருவாசகம் கேட்டபடி ஆசிரியர் உயிர் பிரிந்த இரவும் அங்கேயே உண்டு. அதே வீட்டில் இன்னும் ஆறு மாதம் குடியிருக்க வேண்டுமா என்று தோன்றியது. இரண்டாவது காரணம் செய்யுள். பக்கத்துக்குப் பக்கம் தனிப்பாடல், சிறப்புப்பாயிரம், கடிதத்தின் தலையில் பாட்டு. கண்ணால் படிக்கிறவர்கள் பாட்டைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள், நானும் அப்படித்தான். மூன்றாவது, 'கருக்கு'க்குப் பிறகு அந்தச் சபைக்குத் திரும்பிப் போகக் கால் தயங்கியது. அந்த வாசலுக்குள் யார் வர முடிந்தது, யார் வர முடியவில்லை என்ற கேள்வியை இனி விட்டுவிட்டுப் படிக்க முடியாது. பிள்ளையவர்களின் மாணவர்களில் பிராமணரும் வேளாளரும் புதுச்சேரிச் சவரிராயலு நாயகரைப் போன்ற கிறிஸ்தவரும் இருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது அகலமான வாசல்தான். அந்த அகலத்துக்கும் எல்லை இருந்தது.

இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் மூன்றாம் இரவு போன் போட்டேன். ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்ததில் ஒரு செய்யுள் வந்தது. அச்சில் இருந்தபடியே வாசித்தேன்.

"நிறுத்து. அங்க பிரிக்கக் கூடாது. மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன். சீரை அவர் பிரித்துச் சொன்னார். என்னைச் சொல்ல வைத்தார். ஒரு சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வந்திருந்தது, முதலில் இப்படிப் பிரி, அடுத்ததில் அப்படிப் பிரி என்றார். பிரித்ததும் பூட்டுத் திறந்தது போல அர்த்தம் வந்தது. நான்கு வரிப் பாட்டு ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆனது. உரைநடையில் அன்றைக்கு அரைப் பக்கம்தான் போனோம். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. சமையலறையிலிருந்து அம்மா, "யாருக்குப்பா கிளாஸ் எடுக்கிறீங்க?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

பழைய வழக்கில் ஒருவரிடம் படித்தார் என்று சொல்ல மாட்டார்கள், பாடம் கேட்டார் என்பார்கள். ஆசிரியர் பாடம் சொல்வார், மாணவர் பாடம் கேட்பார். எட்டு மாதமாக நான் சொல்லி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண் போனதிலிருந்து மாத்திரை வேளை முதல் கரண்ட் பில் வரை எல்லாவற்றையும் அவர் யார் மூலமாகவாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் புத்தகத்தில் மட்டும் இடம் மாறியது. எழுத்து என்னிடம் இருந்தது, பாட்டு அவரிடம் இருந்தது. நான் குறையாக எண்ணிய செய்யுள்தான் அதற்குக் காரணம். தனியாகப் படித்திருந்தால் குதித்துத் தாண்டியிருப்பேன்.

ஆகவே இரவு எட்டரைக்குப் பிள்ளையவர்கள் சரித்திரம். எனக்கு முதலில் கடைசி இடத்தில் இருந்தது இதுதான். உங்கள் வீட்டில் செய்யுள் தெரிந்த பெரியவர் யாரும் இல்லையென்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். தனியாக வாசிக்கிறவர்கள் 'என் சரித்திர'த்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் ஆசிரியரின் உருவம் முழுசாகவே கிடைக்கிறது. வாசித்துக் காட்டுகிறீர்கள், கேட்கிறவருக்குப் பாட்டில் பழக்கமில்லை என்றால் திரு.வி.க.தான் சரி.

ட்ரெயினுக்கு, 'கருக்கு' முடிந்த மறுநாளிலிருந்து, 'வாழ்க்கைக் குறிப்புகள்'. வாசலைப் பற்றிய என் கேள்வியை இரவு நேரத்திலிருந்து மறைத்து வைக்கப் போவதில்லை. பகலில் மில் வாசலைப் படித்துவிட்டு இரவில் மடத்து வாசலுக்குப் போனால் அப்பாவிடம் கேட்காமல் இருக்க முடியாது. அவரும் இப்போது பதில் சொல்கிறார். தண்ணீர்ப் பானையைப் பற்றி அதன் பின் இரண்டு தடவை பேசிவிட்டோம். அதில் ஒரு தடவை பேச்சைத் தொடங்கியது அவர்தான்.

நாட்குறிப்பை விட்டுவிடவில்லை. மேஜையும் நேரமும் சேர்ந்து கிடைக்கிற ஒரு விடுமுறைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். தொடங்கும்போது 1736இலிருந்து வரிசையாகப் போகாமல், 1746 முதல் 1748 வரை உள்ள தொகுதிகளை முதலில் எடுப்பதாக உத்தேசம். சென்னை வீழ்ச்சியும் புதுச்சேரி முற்றுகையும் அங்கேதான். ஆட்கள் பழகியபின் ஆரம்பத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். கோயில் இடிந்த பக்கங்களை மட்டும் புதுச்சேரிக்கே போய், சம்பா கோயில் என்கிற மாதா கோயில் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பிள்ளையவர்கள் சரித்திரத்துக்கு ஆர்டர் போடுகிறேன் என்று நேற்று அப்பாவிடம் சொன்னேன்.

"ரெண்டு பிரதி வாங்கு" என்றார்.

"எதுக்குப்பா ரெண்டு?"

"ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும். இன்னொண்ண இங்க அனுப்பு. நீ எத்தனாம் பக்கம்னு சொன்னா, நான் பிரிச்சு மடியில வச்சுக்கிட்டுக் கேப்பேன்."

இரண்டு பிரதிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று செய்தி வந்திருக்கிறது.